‘ஏரியா சரியில்ல’னு சொல்றாங்களா? அந்தப் பேருக்கும் ஒரு ரேட் இருக்கு!

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறின புதுசு. ரூம் தேடி அலைஞ்சுட்டு இருந்தேன். புரோக்கர் அண்ணன் ஒருத்தர் வியாசர்பாடி பக்கம் ஒரு மாடி ரூமைக் காட்டினார். காத்து வருது, தண்ணி வருது, வாடகையும் என் சம்பளத்துக்குள்ள வருது. எங்கேயோ இடிக்குதேனு நான் யோசிக்கும்போதே அவரே சொல்லிட்டார். “ரூம் நல்ல ரூம் தம்பி. ஏரியாதான் கொஞ்சம் அப்படி இப்படி. அதான் இந்த ரேட்டுக்கு வருது.”

ஊருக்கு போன் பண்ணேன். மாமா எடுத்தார். “வியாசர்பாடியா? நீ சினிமாவே பார்க்கிறதில்லையாடா?” மாமாவுக்குத் தெரிஞ்ச சென்னை, எழும்பூர் ஸ்டேஷனும் அதுக்கு எதிர்ல இருக்கிற ஹோட்டலும்தான். ஆனாலும் வியாசர்பாடி எப்படிப்பட்டதுனு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நானும் பயந்துபோய், கோடம்பாக்கத்தில் மூணு பேரோடு ஒரு ரூமைப் பகிர்ந்துக்கிட்டேன். வாடகையில் என் பங்கு மட்டுமே அந்த மாடி ரூமைவிட அதிகம்.

சில வருஷம் கழிச்சு, ஒரு வீட்டு வாடகை ஆப்பில் அதே தெரு கண்ணில் பட்டது. ‘பெரம்பூர் அருகில், வேகமாக வளரும் பகுதி’ என்று போட்டிருந்தார்கள். வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தெரு இடம் மாறவில்லை. பேர் மட்டும் வியாசர்பாடியிலிருந்து பெரம்பூருக்கு நகர்ந்திருந்தது.

‘அப்படி இப்படி’ ஏரியா எப்படி ‘வளரும் பகுதி’ ஆகுது? அப்படி ஆகும்போது, அங்கே ஏற்கெனவே இருந்தவங்க எங்கே போறாங்க?

லண்டனில் பிறந்த ஒரு வார்த்தை

இந்த மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயர். 1964-ல் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் லண்டனைப் பற்றி எழுதும்போது உருவாக்கிய சொல். ‘ஜென்ட்ரி’ என்றால் வசதியான மேட்டுக்குடி. தொழிலாளர்கள் வாழ்ந்த இஸ்லிங்டன் போன்ற பகுதிகளில் வசதியானவர்கள் ஒவ்வொரு வீடாக வாங்கிக் குடியேறினார்கள். கொஞ்ச வருஷத்தில் பழைய ஆட்கள் யாருமே மிச்சம் இல்லை. இதைத்தான் அவர் கவனித்தார். நாட்டிங் ஹில் என்றதும் உங்களுக்கு ஜூலியா ராபர்ட்ஸ் படம் ஞாபகம் வரலாம். அதே நாட்டிங் ஹில் 1958-ல் இனக் கலவரம் நடந்த, யாரும் போக யோசித்த, இடிந்த வீடுகள் நிறைந்த பகுதி. இன்றைக்கு லண்டனில் வீடு வாங்கவே முடியாத ஏரியாக்களில் அதுவும் ஒன்று.

ஏன் இப்படி நடக்குது என்பதற்கு நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979-ல் ஒரு எளிய கணக்கு சொன்னார். ஒரு இடம் இப்போது தருகிற வருமானத்துக்கும், அதே இடம் தரக்கூடிய வருமானத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கு. அந்த இடைவெளி போதுமான அளவு பெரிதாகும்போது பணம் உள்ளே வரும்.

நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம் (இது நானே போட்ட மாதிரிக் கணக்குதான்). ஒரு கிரவுண்டு இடம். ஷீட் போட்ட எட்டு வீடு, வீட்டுக்கு 4,000 ரூபாய் வாடகை. மாசம் 32,000. அதை இடித்துவிட்டு ஆறு ஃபிளாட் கட்டி 18,000-க்கு விட்டால், மாசம் 1,08,000. இடைவெளி 76,000 ரூபாய். மெட்ரோ ஸ்டேஷன் வரப்போகுதுனு நியூஸ் வந்தால் அது இன்னும் பெரிசாகும். அந்த எட்டுக் குடும்பத்தில் யாராலும் 18,000 கொடுக்க முடியாது.

இந்தக் கணக்கில் ‘கெட்ட பேர்’ எங்கே வருதுனு கேட்டால், அந்த 32,000-ல்தான். ‘ஏரியா சரியில்ல’ என்ற பேச்சுதான் வாடகையைக் கீழே பிடித்து வைக்கிறது. பேங்க் லோன் கொடுக்க யோசிக்கும், வீட்டு ஓனர் ரிப்பேர் செய்ய மாட்டார், சாக்கடையும் ரோடும் கடைசியாகத்தான் வரும். அமெரிக்காவில் 1930-களில் இதை மேப் போட்டே செய்தார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்தார்கள், அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பானது. கடன் இல்லாததால் வீடுகள் சிதிலமாயின. சிதிலமான பிறகு, ‘பார்த்தீங்களா, அந்த ஏரியாவே இப்படித்தான்’ என்றார்கள். நம்ம ஊரில் அப்படி ஒரு மேப் தேவைப்படவில்லை. மாமா மாதிரி ஆட்களின் வாய் போதும்.

மில் இருந்தபோது அது வேறு ஊர்

வட சென்னை என்றால் அரிவாள், கேங், கானா என்று நமக்குள் ஒரு டிரெய்லர் ஓடும். சினிமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘மெட்ராஸ்’ மாதிரிப் படங்கள் அந்த மக்களின் பக்கம் நின்றும் பேசியிருக்கின்றன. ஆனால், ஹீரோவுக்கு வேலைக்குப் போக ஒரு மில் இருந்த காலத்தைப் பற்றி யாரும் அதிகம் படம் எடுக்கவில்லை.

பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி வளர்ந்ததே பின்னி குழுமத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளைச் சுற்றித்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பிறந்தது இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். பி.பி.வாடியா அதன் தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அடித்தளம் போட்டவர்கள். மூணு தலைமுறைக்கு ஷிஃப்ட் சங்கு ஊதின இடம். 1996-ல் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான வீடுகளின் மாதச் சம்பளம் அதோடு போனது. ஒரு ஏரியாவில் சம்பளம் நின்றுபோனால் அடுத்த இருபது வருஷம் அங்கே என்னவெல்லாம் நடக்குமோ, அது நடந்தது. நமக்கு அந்த இருபது வருஷம் மட்டும்தான் தெரியும். அதையே அந்த ஊரின் குணம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்திலும் இங்கே ஃபுட்பால் நின்றதில்லை. வியாசர்பாடிக்கு ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் வந்தது அதனால்தான். தெருமுனை கேரம் போர்டில் விளையாடிப் பழகிய புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்துட்டு வந்தார். அந்த கேரம் போர்டுகளைப் ‘பொறுக்கிப் பசங்க உட்கார்ற இடம்’ என்றுதான் பல பேர் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

மூடின மில்லின் நிலம் என்ன ஆச்சு தெரியுமா? அங்கே இப்போது வானத்தைத் தொடுகிற அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. அந்த விளம்பரங்களில் ‘பெரம்பூர்’ உண்டு. புளியந்தோப்பு இருக்காது.

பேரோடு சேர்த்து ஆளையும் ஏற்றிவிடுவது

ரூத் கிளாஸ் பார்த்த லண்டனுக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அங்கே வாடகை ஏறி ஏறி, ஆட்கள் மெதுவாகக் காணாமல் போனார்கள். இங்கே லாரி வரும். ஒரே நாளில் ஒரு தெருவே வேறொரு ஊருக்குப் போய்விடும்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது யோசனை வேறாக இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்திலேயே, மாடி வீடு கட்டித் தருவது. சென்னைக்குள் பல இடங்களில் நிற்கிற பழைய ஹவுசிங் போர்டுகள் அப்படி வந்தவைதான். 1971 சட்டப்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. 1985-ல் இன்னும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. இது ஏதோ ஃபைல் சமாசாரம் மாதிரி தெரியும். ஆனால், அந்தப் பட்டியலில் இருந்தால்தான் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு. இல்லையென்றால் நாற்பது வருஷம் குடியிருந்தாலும் நீங்கள் ‘ஆக்கிரமிப்பாளர்’. கெட்ட பேர்களிலேயே அதிக சக்தி உள்ள பேர் இதுதான்.

2000-ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் வந்தது. நகரின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி, 15,656 வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடியைக்கூடத் தொடாதவை. கூவம் கரை, ரயில் பாதை ஓரம் என்று பல இடங்களிலிருந்து ஆட்களை இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, 6,764 வீடுகள். பிறகு பெரும்பாக்கம். 2019 டிசம்பரில், தீவுத்திடல் பக்கம் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சைக்கு மூணு நாலு மாசம்தான் இருந்தது.

ஒரு அம்மா மயிலாப்பூரில் மூணு வீட்டில் வேலை செய்கிறார் என்று வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. நடந்து போகிற தூரத்தில் குடிசை இருந்ததால்தான் அந்தக் கணக்கு ஓடியது. இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால் முதல் வீடு கைவிட்டுப் போகும், இரண்டாவது லேட் ஆகும், பஸ் காசு மூணாவது வீட்டுச் சம்பளத்தைத் தின்னும். சொந்த வீடு கிடைச்ச அன்னைக்கே வருமானம் பாதியாகிறது என்றால், அந்த வீட்டை என்னவென்று சொல்வது? 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது, அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். ‘வேற இடத்துல வீடு குடுக்கிறாங்கல்ல, போக வேண்டியதுதானே’ என்று அன்று கமென்ட்டில் எழுதினவங்க, இந்த பஸ் காசுக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கண்ணகி நகர் வந்த அதே 2000-ல் தரமணியில் டைடல் பார்க்கும் திறந்தது. அதற்கப்புறம் ஓ.எம்.ஆர் முழுக்க ஐ.டி கம்பெனிகள். யாருக்கும் வேண்டாத நிலம் என்று ஏழைகளை அனுப்பிய இடத்தின் வாசலிலேயே பணம் வந்து இறங்கியது. அந்தக் கண்ணாடி பில்டிங்குகளைத் துடைப்பதும், அங்கே வேலை பார்ப்பவர்களின் வீட்டில் சமைப்பதும் கண்ணகி நகர் ஆட்கள்தான். ஆனால், இன்டர்வியூவுக்குப் போகிற கண்ணகி நகர் பசங்க முகவரியில் ‘துரைப்பாக்கம்’ என்று மட்டும் எழுதுவது ரொம்ப வருஷமாக நடக்கிற விஷயம். முழு முகவரி சொன்னால் வேலை கிடைக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம். பாருங்க, வியாசர்பாடியில் புரோக்கர் செய்கிற அதே வேலை. அவர் பக்கத்து ஏரியா பேரைப் போட்டு வாடகையை ஏற்றுகிறார். இந்தப் பையன் பக்கத்து ஏரியா பேரைப் போட்டு ஒரு செக்யூரிட்டி வேலை கேட்கிறான்.

சுவரில் பெயின்ட் அடித்தால் பேர் மாறுமா?

2020 தொடக்கத்தில் கண்ணகி நகர் பில்டிங்குகளில் பெரிய பெரிய சுவரோவியங்கள் வந்தன. ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன், ஏஷியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி சேர்ந்து செய்தது. சென்னையின் முதல் கலை மாவட்டம் என்றார்கள். ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு இதில் இரண்டு மனசு. முதல்முறையாக வெளியாட்கள் கேமராவோடு, பயமில்லாமல் உள்ளே வந்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால், ஓவியம் இருக்கிற சுவருக்கு உள்பக்கம் வீடு அதே அளவுதான். 2021 ஆகஸ்ட்டில் புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் புதுசாகக் கட்டின வாரிய அடுக்குமாடியில், சுவரைக் கையால் தொட்டாலே சிமென்ட் பூச்சு உதிர்ந்த வீடியோக்கள் பரவியது ஞாபகம் இருக்கா? ஐ.ஐ.டி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்ய வேண்டியதாச்சு. அதே வருஷம் குடிசை மாற்று வாரியத்தின் பெயரை ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாற்றினார்கள். நல்ல பெயர்தான். ஆட்டோக்காரரிடம் இன்னும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி இறங்கியதில்லை.

ஓவியத்தைவிட வேகமாக அந்த ஊரின் பேரை மாற்றியது ஒரு கபடி கிரவுண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் நம்ம கார்த்திகா. செய்திகளெல்லாம் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எழுதின. முகவரியில் மறைத்து எழுதிய ஊர் பேர், இனிஷியல் மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்தது.

அப்போ வளர்ச்சியே வேண்டாமா?

யாரும் அப்படிச் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரைக்கும் போனபோது அதிகம் சந்தோஷப்பட்டது அந்த ஏரியா மக்கள்தான். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பல வருஷமாகக் கேட்ட ரோடு, தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் வருது என்றால் வரட்டும்.

கேள்வி, யாருக்கு என்ன கிடைக்குது என்பதுதான். ஒரே தெருவில் மூணு பேர் இருக்காங்க. பட்டா வைத்திருப்பவருக்கு ஏரியா பேர் நல்லா ஆனால் லாட்டரி. வாரிய வீட்டில் இருப்பவருக்குப் பாதி லாபம், பாதி கவலை. பழைய கட்டடத்தை இடித்துப் புதுசு கட்டித் தரும்வரை வெளியே தங்க 24,000 ரூபாய் கருணைத்தொகை கொடுக்கிறார்கள். முன்பு இருந்த 8,000-க்கு இது எவ்வளவோ மேல். ஆனால், ஒன்றரை வருஷம் கட்டுமானம் நடந்தால் மாசத்துக்கு 1,333 ரூபாய்தான். அந்தக் காசுக்குச் சென்னையில் பைக் நிறுத்தும் இடம் கிடைக்கலாம். மூணாவது ஆள் வாடகைக்கு இருப்பவர். அவருக்கு எதுவும் இல்லை. 1960-ம் வருஷச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ கேட்க வழி இருந்தது. 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில் ஒப்பந்தத்தில் பேசியதுதான் வாடகை. ஒப்பந்தமே எழுதாமல், கையில் காசு கொடுத்துக் குடியிருப்பவர்கள்தான் இந்த ஏரியாக்களில் அதிகம். வீட்டைக் காலி செய்யச் சொன்னால், இத்தனை வருஷம் இங்கே இருந்தேன் என்று நிரூபிக்க அவர்களிடம் காகிதமே இருக்காது.

நீங்களும் நானும் இதில் வெளியாள் இல்லை. வேலைக்காக நகரத்துக்கு வந்து, நல்ல வாடகைக்கு ரூம் தேடுகிற நாம்தான் அந்த ‘வளரும் பகுதி’யின் முதல் கஸ்டமர். அதற்காக யாரும் ரூம் தேடாமல் இருக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் கேட்கலாம். நமக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் ஏன் போனார் என்று விசாரிக்கலாம். அடுத்தவனுக்கு ஏரியாவைப் பற்றிச் சொல்லும்போது, நாம் போய்ப் பார்த்ததை மட்டும் சொல்லலாம். இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கே இன்னும் சரியாக வராத பழக்கம்.

இப்போ இது சென்னைக் கதை மட்டும் இல்லை. 2024 ஆகஸ்ட்டில் எங்க புதுக்கோட்டை மாநகராட்சி ஆகிடுச்சு. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதோடு இணைக்கப் பேச்சு வந்ததுமே பல கிராமங்களில் பெண்கள் மனுவோடு ரோட்டுக்கு வந்தாங்க. காரணம் சிம்பிள். நூறு நாள் வேலை அப்போ ஊராட்சிக்கு மட்டும்தான் இருந்தது, மாநகராட்சிக்குள் போனால் அது போயிடும்னு பயந்தாங்க. வீட்டு வரியும் ஏறும். அதே ஊர்களில் மனை வைத்திருப்பவர்களுக்கு ‘மாநகராட்சி எல்லைக்குள்’ என்று போர்டு மாட்டினாலே விலை ஏறும். ஒரே அறிவிப்பு, ஒரே தெரு, இரண்டு கணக்கு.

போன தடவை ஊருக்குப் போனப்போ மாமாவும் ஒரு மனை பார்த்துட்டு இருந்தார். பைக்கில் என்னையும் கூட்டிட்டுப் போனார். நரிமேட்டு வாரியக் குடியிருப்புப் பக்கம் ஒரு இடம் விலைக்கு வந்திருக்கு, பார்க்கலாமானு கேட்டேன்.

“வேணாம்டா. அந்த ஏரியா சரியில்ல.”

“நீங்க உள்ள போயிருக்கீங்களா மாமா?”

“நான் எதுக்குப் போறேன்? சொல்வாங்கல்ல.”

வண்டியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே திருப்பினார்.